மானிட்டர் கேபிள் பழுது: கண்டுபிடிப்பது முதல் மாற்றி முடிப்பது வரை

ஸ்கிரீன் மினுங்கினால் பலரும் முதலில் செய்வது புதுக் கேபிள் வாங்கி வருவதுதான். மாட்டிய பிறகும் அதே மினுங்கல். அடுத்து மானிட்டரைத் தூக்கிக்கொண்டு சர்வீஸுக்கு ஓடுவார்கள். கடைசியில் பார்த்தால் சாக்கெட்டுக்குள் பச்சைக் களிம்பு, அல்லது கேபிளை மாட்டியிருப்பதே தவறான போர்ட்டில். கேபிள்தான் கெட்டது என்று உறுதியாகத் தெரிவதற்கு முன் காசை எடுக்கக் கூடாது. அந்த உறுதிக்கு அரை மணி நேரம் போதும், ஆனால் வரிசை மாறக் கூடாது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் களியக்காவிளை, மார்த்தாண்டம், குளச்சல் பக்கம் கேபிள் கெடுவதற்கு மூன்று தனிக் காரணங்கள் உண்டு: வருஷத்தில் இரண்டு மழைக்காலம் தரும் ஈரம், கடலோர உப்புக்காற்று, எலி. ஒவ்வொன்றும் விட்டுப்போகும் அடையாளம் வேறு. கீழே உள்ள படிகளில் அதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறது.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

எல்லாவற்றிலும் முக்கியமானது, நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்த இன்னொரு கேபிள். பக்கத்து வீட்டிலிருந்தோ, வீட்டு டிவிக்குப் பின்னாலிருந்தோ எடுத்தால் போதும். இது கையில் இல்லாமல் செய்யும் எந்தச் சோதனையும் ஊகம்தான்.

அதோடு டார்ச் உள்ள மொபைல், ஐசோபுரோபைல் ஆல்கஹால் கொஞ்சம், பழைய டூத் பிரஷ், பீப் ஒலி தரும் மல்டிமீட்டர், துணி தைக்கும் ஊசி இரண்டு.

விஜிஏ கேபிளின் (இருபுறமும் திருகு உள்ள, 15 பின் கொண்ட பழைய வகை) முனையை மாற்றப் போகிறீர்கள் என்றால் மட்டும் இவையும் வேண்டும்: 25 வாட் சால்டரிங் அயர்ன், 60/40 ஈயம், சூடு காட்டினால் சுருங்கி இறுகும் 2 மி.மீ. ஹீட் ஷ்ரிங்க் டியூப் அரை மீட்டர், பிளேடு, சைடு கட்டர், மூன்று வரிசை 15 பின் ஆண் கனெக்டர், அதற்கு மூடி. கடையில் வெறுமனே '15 பின்' என்று கேட்காதீர்கள். பழைய ஜாய்ஸ்டிக் போர்ட்டுக்கான இரண்டு வரிசை 15 பின்னும் சில கடைகளில் கிடக்கும், அது அகலம் கூடியது, சேராது. மூடி தனியாகக் கிடைக்காவிட்டால் 9 பின் சீரியல் கனெக்டரின் மூடியை வாங்கிக்கொள்ளலாம். இரண்டின் வெளி ஓடும் ஒரே அளவு.

2. எதையும் கழற்றாமல் முதலில் பார்க்க வேண்டியவை

கழற்றி மாட்டினாலே தற்காலிகமாகச் சரியாகிவிடும் பழுதுகள் உண்டு. பிறகு காரணம் கைக்கு அகப்படாது. ஆகவே முதலில் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள்.

மானிட்டரின் சிறு விளக்கு எரிகிறதா? எரியவே இல்லை என்றால் படம் வரும் கேபிளைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பழுது பவர் பக்கம் இருக்கிறது, நேராக 8-ஆம் பகுதிக்குப் போங்கள்.

விளக்கு எரிகிறது என்றால் மானிட்டரில் உள்ள மெனு பட்டனை அழுத்துங்கள். பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் காட்டும் அந்தப் பெட்டியை மானிட்டர் தானே வரைகிறது, கேபிள் வழியாக அது வருவதில்லை. பின்னால் படம் மினுங்கும்போது மெனு மட்டும் ஆடாமல் தெளிவாக நின்றால் பேனல் நல்லது, பழுது கேபிளிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கிறது. மெனுவும் சேர்ந்தே மினுங்கினால், அல்லது செங்குத்துக் கோடு மெனுவின் மேலும் ஓடினால், பழுது பெரும்பாலும் மானிட்டருக்குள். அப்படியானால் வெளியே எத்தனை கேபிள் மாற்றினாலும் போகாது. இந்த ஒரு பட்டனை அழுத்திப் பார்க்காததால்தான் பாதிப் பேர் தேவையில்லாமல் கேபிள் வாங்குகிறார்கள்.

அடுத்து ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து மொபைலுக்கு அனுப்பிப் பாருங்கள். கோடும் புள்ளியும் அந்தப் படத்திலும் இருந்தால் அது கிராபிக்ஸ் கார்டின் அல்லது டிரைவரின் கோளாறு. ஸ்கிரீன்ஷாட்டில் வராமல் திரையில் மட்டும் தெரிந்தால், கம்ப்யூட்டரை விட்டுப் படம் வெளியேறிய பிறகு எங்கோ கெடுகிறது.

வெள்ளைப் பக்கம் ஒன்றை முழுத்திரையில் திறந்து நிறத்தையும் கவனியுங்கள். விஜிஏ கேபிளில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிக் கம்பியில் போகின்றன. வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தால் நீலக் கம்பி போய்விட்டது. கத்திரிப்பூவும் ரோஸும் கலந்த நிறமென்றால் பச்சை போய்விட்டது. நீலப்பச்சை என்றால் சிவப்பு. டிவியிலும் வரும், திருகில்லாத எச்டிஎம்ஐ கேபிளில் ஒரே ஒரு நிறம் இப்படிப் போவது அபூர்வம். அங்கே வெள்ளைப் புள்ளிகள் தெறிக்கும், அல்லது படம் ஓரிரு வினாடி கறுத்துத் திரும்பி வரும்.

படமே இல்லை, 'நோ சிக்னல்' என்று மட்டும் வந்தால் இரண்டு விஷயங்களைச் சரிபாருங்கள். மானிட்டர் மெனுவில் எந்த இன்புட் தேர்வாகியிருக்கிறது? கேபிள் எச்டிஎம்ஐ 2-இல் இருக்க, மானிட்டர் எச்டிஎம்ஐ 1-ஐப் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டாவது, சிபியுவின் பின்புறம். தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டரில் மேலே மதர்போர்டின் போர்ட் ஒன்றும், கீழே படுக்கைவாட்டில் கார்டின் போர்ட்டுகளும் இருக்கும். கேபிள் கார்டில்தான் மாட்ட வேண்டும். சிபியுவைத் துடைக்க நகர்த்திய அன்று 'கெட்டுப்போகும்' மானிட்டர்களில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான்.

3. மின்சாரத்தை நிறுத்தும் முறை

அணைக்கும் முன், மானிட்டர் பக்கத்துப் பிளக்கையும் சிபியு பக்கத்துப் பிளக்கையும் பைய ஆட்டி, எதை ஆட்டினால் மினுங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, சிபியு, மானிட்டர் இரண்டின் பிளக்கையும் சுவரிலிருந்து உருவுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கம்ப்யூட்டருடன் சவுண்ட் சிஸ்டமோ கேபிள் டிவி பெட்டியோ இணைந்திருந்தால் அவற்றையும் பிரியுங்கள்.

காரணம் எர்த். பழைய வீடுகளிலும் கடை வரிசைகளிலும் மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கும், எர்த் கம்பி எங்கும் போய்ச் சேர்ந்திருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் சிபியுவின் இரும்புப் பெட்டியைத் தொட்டால் சுரீரென்று லேசாகக் கடிக்கும். பவர் சப்ளைக்குள் இருக்கும் பில்டர் கப்பாசிட்டர்கள் வழியாக 230 வோல்ட்டில் ஏறத்தாழ பாதி அந்தப் பெட்டியில் வந்து நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆளுக்குப் பெரிய ஆபத்தில்லை. ஆனால் அந்த நிலையில் எச்டிஎம்ஐ பிளக்கைச் சாக்கெட்டில் செருகும்போது ஒரு டேட்டா பின் முதலில் உரசினால் முழு அழுத்தமும் அதன் வழியே பாயும். போர்ட் செத்துவிடும். கேபிள் பார்க்கப் போய் மதர்போர்டு மாற்றுவதில் முடியும்.

பெட்டி கடித்தால் கேபிள் வேலையோடு எர்த்தையும் எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள்.

4. மாற்றி மாட்டிப் பார்த்தல்

இப்போது கேபிளை இரு முனையிலும் கழற்றலாம். விஜிஏ என்றால் இருபுறத் திருகுகளையும் முழுதாகத் தளர்த்திவிட்டு நேராக இழுங்கள். டிஸ்ப்ளே போர்ட் என்றால் பிளக்கின் மேல் பெரும்பாலும் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்திக்கொண்டே இழுக்க வேண்டும், உள்ளே இரண்டு கொக்கிகள் பிடித்திருக்கின்றன. தெரியாமல் வலிந்து இழுத்தால் சாக்கெட்டே பெயர்ந்து வரும்.

முதல் சோதனைக்குப் புதுக் கேபிள் வேண்டாம். அதே கேபிளின் முனைகளை மாற்றி மாட்டுங்கள்: சிபியு பக்கம் இருந்தது மானிட்டருக்கு, மானிட்டர் பக்கம் இருந்தது சிபியுவுக்கு. இரு முனையும் ஒன்றுபோல் இருக்கும் சாதாரண விஜிஏ, எச்டிஎம்ஐ கேபிள்களில் இதைச் செய்யலாம். கம்ப்யூட்டரை இயக்கி, மானிட்டர் பக்கத்துப் பிளக்கைப் பைய ஆட்டுங்கள். பிறகு சிபியு பக்கம். முன்பு மானிட்டர் பக்கம் ஆட்டினால் மினுங்கியது, இப்போது சிபியு பக்கம் ஆட்டினால் மினுங்குகிறது என்றால் பழுது அந்தப் பிளக்கோடு இடம் மாறியிருக்கிறது. குற்றவாளி கேபிள். முனையை மாற்றிய பிறகும் மானிட்டர் பக்கமே மினுங்கினால் மானிட்டரின் சாக்கெட் தளர்ந்திருக்கிறது.

அடுத்து, இரவல் கேபிளை மாட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பிளக்கை உருவிவிட்டுத்தான். அதிலும் அதே பழுது என்றால் மானிட்டரை ஒரு லேப்டாப்பிலோ செட்டாப் பாக்ஸிலோ இணைத்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவதுதான் விதி. கேபிளையும் போர்ட்டையும் சேர்த்து மாற்றிவிட்டு 'சரியாகிவிட்டது' என்றால் எது சரியானது என்று யாருக்கும் தெரியாது.

எச்டிஎம்ஐ கேபிளுக்கு இன்னொரு சோதனை உண்டு. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ரெசல்யூஷனையோ ரெஃப்ரெஷ் ரேட்டையோ (படம் வினாடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற எண், ஹெர்ட்ஸில் இருக்கும்) குறையுங்கள். 1920×1080, 60 ஹெர்ட்ஸ் படத்துக்கு வினாடிக்கு 4.46 கிகாபிட் போக வேண்டும். 4கே, 60 ஹெர்ட்ஸுக்கு 17.82 கிகாபிட். 4கே-யில் தெறிக்கும் புள்ளிகள் 1080-இல் மறைந்தால் கேபிளுக்குக் காயம் ஏதும் இல்லாமல் இருக்கலாம், அவ்வளவு பாரம் தூக்க அதனால் முடியவில்லை. அதை ஒட்டிச் சரிசெய்ய முடியாது, 9-ஆம் பகுதிக்குப் போங்கள்.

5. முனையைப் பார்ப்பதும் துடைப்பதும்

டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, மொபைல் கேமராவைப் பெரிதாக்கி முனைக்குள் பாருங்கள்.

குளச்சல், முட்டம் போன்ற கடலோரத்தில் சன்னலோரம் இருந்த கேபிள் என்றால் பின்னின் அடியில் பச்சையோ நீலமோ மாவு போல ஒட்டியிருக்கும். பித்தளைக் குத்துவிளக்கில் ஏறும் அதே களிம்புதான். பின்னின் மேல் தங்கப் பூச்சு மிக மெல்லியது. அது தேய்ந்த இடத்தில் உள்ளிருக்கும் செம்பை உப்பும் ஈரமும் சேர்ந்து அரிக்கின்றன. மழை மாதங்களில் மட்டும் மினுங்கி, வெயில் அடித்தால் சரியாகிவிடும் கேபிள் என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் வர வேண்டும்.

டூத் பிரஷில் ஆல்கஹாலைத் தொட்டு பின்களின் நீளவாட்டில் தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் பின் வளையும். ஐந்து நிமிடம் காயவிட்டு மாட்டுங்கள். சாக்கெட் பக்கமும் களிம்பு இருக்கும். பிளக்கை மட்டும் துடைத்துவிட்டு சாக்கெட்டை விட்டால் ஒரே வாரத்தில் பழையபடி ஆகிவிடும். உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது, மிச்சமிருக்கும் பூச்சும் போய்விடும். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயும் வேண்டாம், அது பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்து வைக்கும்.

விஜிஏ முனையில் ஒரு பின் இல்லாததைப் பார்த்துப் பதறுகிறவர்கள் நிறைய. நடு வரிசையில் 9-ஆம் இடம் பல கேபிள்களில் காலியாகவே வரும், அது பழுதல்ல. பின் வளைந்திருந்தால் 0.9 மி.மீ. லெட் பென்சிலின் கூர்முனையை லெட் இல்லாமல் அதன் மேல் கவிழ்த்து, ஒரே மூச்சில் நிமிர்த்துங்கள். இரண்டாவது முறை வளைத்தால் ஒடிந்துவிடும்.

எச்டிஎம்ஐ சாக்கெட்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கையும் பாருங்கள். விரிசல் விட்டிருந்தால் அந்த மானிட்டரில் வேறு போர்ட்டைப் பயன்படுத்துவதே வழி.

கேபிளின் உடம்பை விரலால் தடவிக்கொண்டே வாருங்கள். எலி கடித்த இடத்தில் இரண்டு வரிப் பள்ளம் இருக்கும், அடியில் கறுப்புத் தூள் உதிர்ந்து கிடக்கும். மேசைக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கிய இடம் தட்டையாக இருக்கும். பழுது முனையிலா, நடுவிலா என்று இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். ஒட்டுவதா மாற்றுவதா என்பதை அதுதான் முடிவு செய்யும்.

6. மல்டிமீட்டரில் அளத்தல்

இது விஜிஏ கேபிளுக்கான சோதனை. கேபிள் இரு முனையும் கழன்று மேசையில் கிடக்க வேண்டும். மல்டிமீட்டரைப் பீப் நிலையில் வையுங்கள், கம்பி அறாமல் இருந்தால் ஒலிக்கும் நிலை அது.

ஆண் முனையை நேராகப் பார்க்கும்படி பிடித்து, அகலப் பக்கம் மேலே இருந்தால் மேல் வரிசையில் இடமிருந்து வலம் 1 முதல் 5, நடுவில் 6 முதல் 10, கீழே 11 முதல் 15. இரண்டு முனையும் ஆண் என்றால் இரண்டையும் இதே மாதிரி பிடியுங்கள். ஒன்றைத் தலைகீழாகப் பிடித்து எண்ணுவதுதான் இங்கே வழக்கமான தவறு.

ஒரு முனையின் 1-ஐயும் மறு முனையின் 1-ஐயும் தொட்டால் பீப் வர வேண்டும். அளவு ஒன்றிரண்டு ஓமுக்குள். பின்கள் நெருக்கமாக இருப்பதால் மீட்டரின் புரோபில் ஊசியைச் சேர்த்துக் கட்டித் தொட்டால் பக்கத்துப் பின்னில் படாது. 1 சிவப்பு, 2 பச்சை, 3 நீலம். 6, 7, 8 அந்த மூன்றுக்கும் திரும்பு கம்பி. 13-உம் 14-உம் படத்தைக் கட்டி நிறுத்தும் சிங்க் கம்பிகள், ஒன்று அறுந்தாலும் படமே வராது. 12-உம் 15-உம் மானிட்டர் தன்னை யாரென்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் வழி. இவை அறுந்தால் படம் வரும், ஆனால் ரெசல்யூஷன் 1024×768-க்கு மேல் ஏறாமல் அடம்பிடிக்கும். டிரைவரை எத்தனை முறை இன்ஸ்டால் செய்தாலும் பலனில்லை. மலிவான கேபிள் சிலவற்றில் இந்த இரண்டு கம்பியும் ஆரம்பத்திலிருந்தே கிடையாது.

அளக்கும்போது பிளக்கின் கழுத்தை வளைத்துக்கொண்டே அளங்கள். நேராக இருக்கும்போது பீப் வந்து, வளைத்தால் நின்றால் உடைப்பு அந்தக் கழுத்தில்தான். 5, 6, 7, 8, 10 ஆகியவை ஒன்றுக்கொன்று பீப் அடித்தால் ஷார்ட் என்று எண்ண வேண்டாம், பல கேபிள்களில் அவை உள்ளேயே சேர்த்துக் கட்டியிருக்கும். 1-க்கும் 2-க்கும் நடுவே, அல்லது 1-க்கும் 6-க்கும் நடுவே பீப் வந்தால்தான் ஷார்ட்.

எச்டிஎம்ஐயின் 19 பின்னையும் இப்படி அளக்க முயல்வது வீண் உழைப்பு. பீப் எல்லாம் சரியாக வரும் கேபிள்கூட அந்த வேகத்தில் தோற்கும்.

7. ஒட்டலாமா, ஒட்டக் கூடாதா

விஜிஏ கேபிளில் முனை கெட்டிருந்தால் ஒட்டலாம். நடுவில் எலி கடித்திருந்தால் வேண்டாம். உள்ளே மூன்று நிறக் கம்பியும் தனித்தனி வலைக்கவசத்தோடு வருகின்றன, நடுவில் வெட்டிச் சேர்த்தால் எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் விழும்.

எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளே போர்ட், யுஎஸ்பி-சி மூன்றையும் ஒட்டவே கூடாது. இவற்றில் கம்பிகள் ஜோடி ஜோடியாகக் குறிப்பிட்ட முறுக்கில் போகின்றன. அந்த முறுக்கை ஓர் அங்குலம் பிரித்துச் சால்டர் வைத்தாலே சிக்னல் அந்த இடத்தில் மோதித் திரும்பும். ஒட்டிக் கொடுப்பதாகச் சொல்கிறவரிடம் கொடுக்காதீர்கள்.

விஜிஏ முனை மாற்றும் முறை இது.

முதலில் கெட்ட பிளக்கை வெட்டும் முன், நல்ல முனையிலிருந்து எந்தப் பின் பீப் தருகிறது என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பிளக்கின் கழுத்திலிருந்து 7 செ.மீ. தள்ளி வெட்டுங்கள். உடைப்பு கழுத்தை ஒட்டிய முதல் சில சென்டிமீட்டரில்தான் இருக்கும், 2 செ.மீ. மட்டும் வெட்டினால் கெட்ட துண்டு மிச்சமாகும்.

மூடியின் வாய்ப்பகுதியையும், தேவையான ஹீட் ஷ்ரிங்க் துண்டுகளையும் இப்போதே கேபிளில் கோர்த்துவிடுங்கள். எல்லாம் சால்டர் வைத்து முடித்த பிறகு டியூப் மேசையில் கிடப்பதைப் பார்த்துத் தலையில் கைவைக்காத புதியவர் இல்லை.

வெளித்தோலை 3 செ.மீ. உரியுங்கள். பிளேடை அழுத்தாமல் சுற்றிக் கீறி, வளைத்தால் தோல் தானே பிளக்கும். உள்ளே வெள்ளிநிற வலை வரும். அதைப் பின்னுக்குத் தள்ளி முறுக்கி ஒரு வாலாக்குங்கள், கடைசியில் கனெக்டரின் இரும்பு ஓட்டில் சேர வேண்டியது அதுதான். அதற்குள் சிவப்பு, பச்சை, நீலத் தோல் உள்ள மூன்று தடித்த கம்பிகளும், சில மெல்லிய கம்பிகளும் இருக்கும். தடித்த ஒவ்வொன்றையும் 8 மி.மீ. உரித்தால் அதற்குள்ளும் ஒரு சிறு வலை. அதையும் முறுக்குங்கள். நடுக்கம்பி 3 மி.மீ. தெரிந்தால் போதும். வலையின் ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டால் அந்த நிறம் போய்விடும். இந்த வேலையில் கண்ணை வைக்க வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

மெல்லிய கம்பிகளின் நிறத்தை நம்பாதீர்கள். எது 13, எது 14 என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நல்ல முனையின் பின்னில் மீட்டரை வைத்து, இங்கே ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பீப் வருவதைப் பார்த்துக் காகிதத் துண்டில் எண் எழுதி ஒட்டுங்கள். கெட்ட முனை போய்விட்டதால் இப்போது எல்லாக் கம்பியும் பீப் தர வேண்டும். ஏதாவது ஒன்று தரவில்லை என்றால் உடைப்பு இன்னும் உள்ளே இருக்கிறது, மேலும் 5 செ.மீ. வெட்டுங்கள்.

எல்லாக் கம்பி முனைக்கும், கனெக்டரின் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் முதலில் தனித்தனியாக ஈயம் பூசுங்கள். அப்போதுதான் சேர்க்கும்போது ஒரு வினாடி சூடு போதும். அதிக நேரம் வைத்தால் கனெக்டரின் பிளாஸ்டிக் இளகிப் பின் சாய்ந்துவிடும். சாயாமல் இருக்க ஒரு தந்திரம்: வீணாய்ப்போன பழைய கார்டின் பெண் சாக்கெட்டில் செருகி வைத்துக்கொண்டு சால்டர் செய்யுங்கள்.

நடு வரிசையிலிருந்து தொடங்குங்கள். 6, 7, 8-இல் மூன்று வலைவால்கள், 10-இல் சிங்க் கிரவுண்டு, அதாவது சிங்க் கம்பிகளின் திரும்பு கம்பி. அடுத்து மேல் வரிசையின் 1, 2, 3, 5. கடைசியாகக் கனெக்டரைத் திருப்பி, கீழ் வரிசையின் 12, 13, 14, 15. வெளி வரிசைகளை முதலில் முடித்துவிட்டால் நடுவுக்கு அயர்ன் நுழையாது. சால்டர் பக்கத்திலிருந்து பார்க்கும்போது எண்கள் இடவலம் மாறித் தெரியும். பிளாஸ்டிக்கிலேயே பொடி எழுத்தில் எண் அச்சிட்டிருக்கும், கேமராவில் பெரிதாக்கி வாசித்துக்கொண்டே செய்யுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் டியூபை ஏற்றிச் சூடு காட்டிய பிறகு 6-ஆம் பகுதியின் சோதனையை முழுதாகத் திரும்பச் செய்யுங்கள். மூடியைப் பூட்டும்போது உள்ளிருக்கும் கிளிப் கேபிளின் வெளித்தோலைப் பிடிக்க வேண்டும், உள் கம்பிகளையல்ல. இல்லாவிட்டால் அடுத்த முறை இழுக்கும்போது சால்டர் கழன்றுவிடும்.

8. பவர் கார்டும் அடாப்டரும்

விளக்கே எரியாத மானிட்டருக்கு முதல் சோதனை எளிது. சிபியுவின் பவர் கார்டும், உள்ளேயே பவர் சப்ளை உள்ள மானிட்டரின் பவர் கார்டும் ஒரே மாதிரி. மாற்றி மாட்டிப் பாருங்கள். கார்டுதான் கெட்டது என்றால் அதை டேப் சுற்றி ஓட்டக் கூடாது, புதிது வாங்குங்கள். மூன்று கம்பி, 0.75 சதுர மி.மீ. என்று தோலில் அச்சிட்டது, ஐஎஸ்ஐ முத்திரை உள்ளது. எர்த் பின்னை ஒடித்து இரண்டு ஓட்டை சாக்கெட்டில் மாட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது, அதன் விளைவை 3-ஆம் பகுதியில் பார்த்தோம்.

வெளி அடாப்டர் உள்ள மானிட்டர் எரிந்து எரிந்து அணைந்தால், உருண்டைப் பின்னின் கழுத்தில் கம்பி அறுந்திருக்கும். இது நேர்மின்சாரம் மட்டும் போகும் கம்பி, தாராளமாக வெட்டி ஒட்டலாம். பெரும்பாலும் நடுக்கம்பி பிளஸ், சுற்றியுள்ள வலை மைனஸ். இருந்தாலும் அடாப்டர் லேபிளில் உள்ள வட்டப் படத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள். புது அடாப்டர் வாங்கினால் வோல்ட் அப்படியே இருக்க வேண்டும், ஆம்பியர் சமமாகவோ கூடவோ இருக்கலாம். 12 வோல்ட் மானிட்டரில் பின் சேருகிறதே என்று 19 வோல்ட் அடாப்டரை மாட்டினால் மானிட்டர் அதோடு முடிந்தது.

மானிட்டரின் முதுகைத் திறக்கும் வேலைக்கு மட்டும் இறங்காதீர்கள். உள்ளிருக்கும் பெரிய கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும், பிளக்கை உருவிய பிறகும் அது சிறிது நேரம் நிற்கும்.

9. கடையில் கேட்க வேண்டியது

"மானிட்டர் கேபிள் ஒண்ணு தாங்கண்ணே" என்றால் கைக்கு எட்டியது எதுவோ அது வரும். இரு பக்கத்துச் சாக்கெட்டையும் மொபைலில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். பாறசாலை தாண்டித் திருவனந்தபுரம் போய் வாங்கித் திரும்புகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம், மாற்றுவதற்காக மறுபடி ஒரு பயணம் வேண்டியிருக்கும்.

நீளத்தை நூல் வைத்து அளங்கள். கேபிள் போகும் வழியில் நூலை வளைத்து, அதோடு அரை மீட்டர் கூட்டுங்கள். அதற்கு மேல் வேண்டாம். மேசைக்கு 1.5 மீட்டர் பெரும்பாலும் போதும், 5 மீட்டர் வாங்கிச் சுருட்டி வைப்பது காசைக் கொடுத்துப் பழுதை வாங்குவது.

எச்டிஎம்ஐ அட்டையில் பெரிதாக அச்சிட்ட '2.0', '2.1' எண்ணைப் பார்க்காதீர்கள். அது கருவிகளுக்கான பதிப்பு எண். கேபிளுக்குரிய பெயர் வேறு: சாதாரண 1080 மானிட்டருக்கு 'ஹை ஸ்பீடு', 4கே 60 ஹெர்ட்ஸுக்கு 18 கிகாபிட் தாங்கும் 'பிரீமியம் ஹை ஸ்பீடு', அதற்கும் மேலென்றால் 48 கிகாபிட் தாங்கும் 'அல்ட்ரா ஹை ஸ்பீடு'. கடைசி இரண்டிலும் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் லேபிள் பெட்டியில் ஒட்டியிருக்கும்.

டிஸ்ப்ளே போர்ட் கேபிளில் ஒரு வினோதமான பழுது உண்டு. தரம் குறைந்த சிலவற்றில் 20-ஆம் பின் இரு முனையிலும் இணைந்திருக்கும். விதிப்படி அது கேபிளில் இணையக் கூடாது. இணைந்தால் மானிட்டரின் 3.3 வோல்ட் கம்ப்யூட்டருக்குள் ஏறும், கம்ப்யூட்டர் அணைந்த பிறகும் கார்டில் விளக்கு மினுக்கும், சில நேரம் பூட் ஆகாது. புதுக் கேபிள் மாட்டிய அன்றே இப்படி நடந்தால் கேபிளைத் திருப்பிக் கொடுங்கள்.

சிபியுவில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் விஜிஏ மட்டும் என்றால் வெறும் கேபிள் வேலை செய்யாது, உள்ளே சில்லு உள்ள கன்வெர்ட்டர் வேண்டும். அதுவும் ஒருவழிப் பாதை. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்குப் போவதை விஜிஏவிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாட்ட முடியாது. தனி யுஎஸ்பி பவர் வாய் உள்ளதாக வாங்குங்கள், எல்லா போர்ட்டும் அதற்குப் போதுமான மின்சாரம் தருவதில்லை. யுஎஸ்பி-சியில் படம் வர வேண்டுமென்றால் லேப்டாப்பின் அந்தப் போர்ட்டும், கேபிளும் அதற்குத் தகுதியானவையாக இருக்க வேண்டும். மொபைல் சார்ஜர் கேபிளில் படம் வராது.

10. புதுக் கேபிளை மாட்டும் வரிசை

இரண்டு பிளக்கும் சுவரிலிருந்து உருவியபடியே, மானிட்டர் பக்கம் முதலில் மாட்டுங்கள். அங்கேதான் இடம் குறுகல், கேபிள் தளர்வாக இருக்கும்போது கை நுழையும். விஜிஏ திருகுகளை விரலால் மாறி மாறி முடுக்குங்கள், ஒரு பக்கத்தை முழுதாக முடுக்கிவிட்டு மறுபக்கம் போனால் பிளக் சாய்ந்து உட்காரும். ஸ்குரூடிரைவர் போட்டு இறுக்கினால் அடுத்த முறை கழற்றும்போது சாக்கெட்டின் ஆறுமுக நட்டும் சேர்ந்து வந்துவிடும். வந்துவிட்டால் 5 மி.மீ. ஸ்பானரால் திரும்பப் பொருத்தலாம்.

கழுத்தை ஒட்டி உடனே வளைக்காமல், முதல் 5 செ.மீ. நேராகப் போகவிட்டு அகலமாக வளையுங்கள். எச்டிஎம்ஐக்குத் திருகு இல்லை, கேபிளின் பாரம் முழுதும் சாக்கெட்டில் தொங்கும். மானிட்டர் ஸ்டாண்டில் ஒரு டை போட்டுப் பாரத்தை அங்கே இறக்குங்கள். உயரம் ஏற்றி இறக்கும் ஸ்டாண்ட் என்றால் மிக உயரத்தில் வைத்துக் கட்டுங்கள், தாழ்வாக வைத்துக் கட்டிவிட்டால் உயர்த்தும்போது இழுபடும்.

விஜிஏ கேபிளை யுபிஎஸ் பெட்டியை ஒட்டிக் கொண்டுபோகாதீர்கள், படத்தில் மெல்லிய அலை ஓடும். எலித் தொல்லை உள்ள வீட்டில் தரையோடு விடாமல் பிவிசி குழாய்க்குள் கோர்த்து மேசையின் அடிப்பக்கம் கட்டுங்கள்.

பிறகு சுவர்ப் பிளக்குகளை மாட்டி மானிட்டரை முதலில் இயக்குங்கள், அடுத்துக் கம்ப்யூட்டரை. விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்ஸ் திறந்து ரெசல்யூஷனும் ரெஃப்ரெஷ் ரேட்டும் மானிட்டருக்கு உரியதாக இருக்கிறதா என்று பாருங்கள். சோதனைக்காகக் குறைத்ததை மறந்துவிட்டு, புதுக் கேபிளிலும் படம் மங்கல் என்று கடைக்குத் திரும்புகிறவர்கள் உண்டு. விஜிஏ என்றால் மானிட்டரின் 'ஆட்டோ' பட்டனை ஒருமுறை அழுத்துங்கள், படம் ஓரம் தள்ளி நிற்பது சரியாகும்.

சித்திரைக் கோடைமழையிலும் ஐப்பசி மழையிலும் மதியத்துக்கு மேல் இடி தொடங்கும்போது பவர் பிளக்கோடு, இன்டர்நெட் கேபிளையும் உருவிவிடுங்கள். கேபிள் டிவி பெட்டி மானிட்டரில் இணைந்திருந்தால் அதன் எச்டிஎம்ஐயையும் சேர்த்து. மின்னல் பவர் வழியாக மட்டும் வருவதில்லை.

கழற்றிய கெட்ட கேபிளைப் பெட்டியில் போட்டு வைக்கும் முன் இரு முனையையும் வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து யாராவது அதை நல்ல கேபிள் என்று எடுத்து மாட்டிச் சோதிப்பார்கள்.